புதிய தலைமைப் பயிற்சியாளர், பத்து உதவியாளர்கள்: ஸ்பெஷல் டீம்ஸை யாரிடம் கொடுப்பது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து கவனிப்பவர்களின் உதவி தேவை. புதிய தலைமைப் பயிற்சியாளருக்கான மாதிரிக் குழு ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன்.

தாக்குதலுக்கு, ஆடும் இடத்துக்கு ஒரு பயிற்சியாளராக ஐவர்: குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட், ஆஃபென்ஸிவ் லைன். தடுப்புக்கு ஐவர்: லைன், எட்ஜ், லைன்பேக்கர், கார்னர், சேஃப்டி. பத்து இடமும் நிரம்பிவிட்டது. பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸுக்கு ஆள் இல்லை. 2024 ஜூனில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ விதியைத் தளர்த்திய பிறகு, பத்துப் பேரில் சேராத ஊழியர்களான அனலிஸ்டுகளும் மைதானத்தில் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் வளாகத்துக்கு வெளியே போய் வீரர்களைச் சேர்க்கத் தலைமைப் பயிற்சியாளரும் பத்துப் பேரும் மட்டுமே. அப்படியானால் ஸ்பெஷல் டீம்ஸை அனலிஸ்டிடம் விடலாமா, டைட் எண்ட் பயிற்சியாளரின் தலையில் கட்டலாமா? எனக்கு முதலாவதுதான் சரியென்று படுகிறது.

அடுத்தது ஆட்களை அமர்த்தும் வரிசை. தாக்குதல் திட்டத்தை வகுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே ஆஃபென்ஸிவ் லைன் பயிற்சியாளரை அமர்த்தினால், எதிராளிகளைத் தடுத்து வழிவிட ஒருவர் ஸோன் பிளாக்கிங்கும் மற்றவர் கேப் முறையும் பேசி, வசந்தப் பயிற்சியே குழம்பும்.

2024 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த கேலன் டிபோர், முந்தைய தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனின் குழுவிலிருந்து உதவிப் பயிற்சியாளர்கள் ராபர்ட் கில்லஸ்பி, ஃப்ரெடி ரோச் இருவரையும் தக்கவைத்தார். உள்ளூர்ப் பள்ளிகளோடு உள்ள உறவு அறுந்துபோகாமல் இருக்க இது அவசியம். டிபோரோடு ஒருங்கிணைப்பாளராக வருவதாக இருந்த ரயன் கிரப் சில வாரங்களில் தொழில்முறை அணியான சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போய்விட, நிக் ஷெரிடன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரானார். இப்படி நடுவில் ஆள் போனால் உள்ளிருந்தே உயர்த்துவதா, வெளியாளா? பழைய குழுவில் எத்தனை பேரை வைத்துக்கொள்வது நல்லது? காரணத்தோடும் எடுத்துக்காட்டோடும் சொல்லுங்கள்.