தெலுக் பாகாங்ல எண்டோப்பியாவா எஸ்கேப்பா? 2 வயசுல இருந்து 9 வரைக்கும் நாலு பிள்ளைங்க

பட்டர்வொர்த் அம்மா:
வணக்கம். லீவுக்கு கேஎல்ல இருந்து எங்க அக்கா பிள்ளைங்க ரெண்டு பேரு வராங்க, என்னோடது ரெண்டு, வயசு 9, 7, 5, கடைக்குட்டிக்கு 2. வீட்டுல வச்சிருந்தா சுவரு மிஞ்சாது. ஒரு நாள் பினாங்குல தெலுக் பாகாங் பக்கம் போலாம்னு இருக்கோம். பெரியவன் எஸ்கேப்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் (அந்த நீள தண்ணி சறுக்கு இருக்கிற பார்க்), வீட்டுக்காரரு எண்டோப்பியா (பட்டாம்பூச்சி பார்க்) போதும்ங்கிறாரு. போன லீவுல ஒரு மால்ல இருக்கிற ப்ளேகிரவுண்டுக்குப் போயி ஆளுக்கு ஒரு ஜோடி க்ரிப் சாக்ஸ் அங்கயே வாங்க வச்சிட்டாங்க, எனக்கும் சேத்து, நான் எதுலயும் ஏறவே இல்ல பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன், அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறல. அதான் கேட்டுட்டுப் போலாம்னு. ஸ்ட்ரோலர் தள்ள முடியுமா இல்ல கேரியர் வாங்கணுமா?

ஆயர் ஈத்தாம் அப்பா:
சிஸ்டர், 2 வயசு கையில இருந்தா எஸ்கேப் வேணாம். அந்த சறுக்கு 1,111 மீட்டர், 2019ல கின்னஸ் வாங்கினது, நல்லாத்தான் இருக்கும், ஆனா பெரிய ஆட்டத்துக்கெல்லாம் உயரம் பாத்துதான் விடுவாங்க, பையன வீட்டுலயே அளந்து பாத்துக்குங்க, அங்க போயி அழுதா பாக்க முடியாது. நீங்க ஒருத்தங்க சின்னத தூக்கிட்டு நாள் பூரா நிழல் தேடிக்கிட்டே இருக்கணும், அதுக்கும் டிக்கெட் காசு.

எண்டோப்பியான்னா பசியாறிட்டு காலையிலயே கிளம்பிடுங்க. வெயில் பட்டு ஒடம்பு சூடானாத்தான் பட்டாம்பூச்சி பறக்கும், மேகம் மூடுச்சின்னா எல்லாம் இலைக்கு அடியில போயி ஒட்டிக்கும், நாங்க மத்தியானம் போயி மழையில மாட்டிக்கிட்டு இலையத்தான் பாத்தோம். வேர்த்த கைய அசையாம நீட்டினா உப்புக்கு வந்து உக்காரும், 5 வயசுக்கு அது போதும். ராஜா ப்ரூக்னு ஒரு பட்டாம்பூச்சி இருக்கும், கறுப்பு றெக்கையில பச்சையா ரம்பப் பல்லு மாதிரி, அத மட்டும் காட்டாம வந்துடாதீங்க. உங்க ஐசி மைகார்டு, பிள்ளைங்களோட மைகிட் எல்லாம் கையில வச்சிக்குங்க, மலேசியக்காரங்களுக்கு வெல தனி.

தண்ணிமலை பாட்டி:
ஏம்மா இவ்வளவு வெள்ளி செலவு பண்ணணும்? பொட்டானிக் கார்டன் 1884ல வச்சது, இன்னைக்கும் காசு கேக்காம உள்ள விடுறான். வாசப் பக்கமே நாகலிங்க மரம், அடிமரத்துலயே பூக்கும், கீழ விழுந்தத பிரிச்சி உள்ள லிங்கத்தையும் மேல நாகம் கொடை பிடிக்கிறதையும் காட்டுனா என் பேரப்பசங்க போன கேக்கவே மாட்டானுங்க. ஸ்ட்ரோலர் அங்க நல்லா ஓடும். ஆனா ப்ளாஸ்டிக் பை மட்டும் கையில தொங்கப் போடாதே, கொரங்கு வந்து பிடுங்கிரும், ரொட்டி பாக்கெட்டோட போயிருச்சு எனக்கு. தெம்பு இருந்தா பக்கத்துல முருகன் கோயில் 500க்கு மேல படி, சின்னத யாரு தூக்கறதுன்னு வீட்டுலயே பேசி முடிச்சிட்டு வாங்க.

கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்கு மட்டும் லீவு நாள்ல போகாதே, கியூலயே பாதி நாளு போயிரும்.

ரெண்டு வாலு அம்மா:
கேரியரே வாங்குங்க கா, எல்லா எடத்துக்கும் ஒதவும். இடுப்புல பெல்ட் அகலமா இருக்கிறதா பாத்து வாங்குங்க, மெலிசா இருந்தா தோள்பட்டை கழண்டுரும்.

காடியில (கார்ல) பிள்ளைங்க சீட் இருக்கா? 2020ல இருந்து சட்டம், சீட்டுல ஆர்44 இல்லன்னா ஆர்129ன்னு பாதுகாப்பு தர ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. தெலுக் பாகாங் போற வழியில பத்து பெரிங்கி ரோடு வளைஞ்சி வளைஞ்சி போகும், ஒண்ணு வாந்தி எடுத்தா மத்ததும் வரிசையா எடுக்கும், பெரிய பிள்ளைங்களுக்கு ஆசாம் போய் (புளிப்பு பிளம் வத்தல்) குடுங்க, பை ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா வச்சிக்குங்க.

இன்னொண்ணு, காடியில வெளாட பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) எதாவது வாங்கிட்டுப் போனா எம்சி முத்திரை (பொம்மைக்கான பாதுகாப்பு முத்திரை) இருக்கான்னு பாருங்க. தண்ணியில ஊறி பெருசாகுதே கலர் கலரா மணி, அது மட்டும் வேண்டவே வேணாம், சின்னது முழுங்கிட்டா கொடலுக்குள்ள போயி ஊதி அடைச்சிரும், எக்ஸ்ரேயிலயும் சரியா தெரியாது. என் வீட்டுல ஒரு பாக்கெட் இருந்துச்சு, தெரிஞ்ச அன்னைக்கே குப்பையில.

பட்டர்வொர்த் அம்மா:
போயிட்டு வந்தாச்சு. எண்டோப்பியாதான், வாசல் தொறக்கறப்பவே நின்னுட்டோம். பெரியவன் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டே வந்தான், ஒரு பட்டாம்பூச்சி அவன் காதுல வந்து உக்காந்து பத்து நிமிசம் எந்திரிக்கல, அவனும் கழுத்த திருப்பாம அப்படியே நடந்தான், சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிருச்சு. கேரியர் நல்ல ஐடியா, கடைசி அதுலயே தூங்கிட்டா.

ஆசாம் போய் பிள்ளைங்களுக்குத்தான் குடுத்தேன். பத்து பெரிங்கியில வாந்தி எடுத்தது எங்க வீட்டுக்காரரு. பாட்டி, அடுத்த ஞாயித்துக்கெழம கார்டன்தான், நடந்தே சுத்தலாம்னு அவரே சொல்லிட்டாரு.