லினக்ஸ் சர்வரிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு ஓடிபிசி இணைப்பு: டிரைவர் கோப்பு இருந்தும் திறக்கவில்லை

செம்பனைக் கணக்கு (பாடாங் செராய், கெடா):

அனைவருக்கும் வணக்கம். பாடாங் செராய்க்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. லாரிகளில் வரும் குலைகளின் எடையைப் பதியும் மென்பொருள், கிராணியார் (எழுத்தர்) அறையிலுள்ள விண்டோஸ் கணினியில், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் தன் தரவைச் சேமிக்கிறது. அந்த எடைக் கணக்கையும் செக்ரோல் வருகைப் பதிவையும் நாள்தோறும் மாலையில் உபுண்டு 22.04 ஓடும் சர்வருக்கு எடுத்து, யார் எத்தனை குலை வெட்டினார், அவர் கணக்கில் எவ்வளவு எடை சேர்ந்தது என்பதை மறுநாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) முன்பே பலகையில் ஒட்டிவிட வேண்டும் என்று விரும்புகிறேன். இப்போதோ சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் எடை குறைந்திருப்பது தொழிலாளர்களுக்குத் தெரிகிறது. அதற்குள் அந்த மாதக் கணக்கு முடிந்துவிடுகிறது.

சர்வரில் மைக்ரோசாஃப்டின் ஓடிபிசி (நிரல்கள் தரவுத்தளங்களுடன் பேசும் பொது முறை) டிரைவர் 18 இருக்கிறது. முன்பு இங்கு வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் வைத்துவிட்டுப் போனது அது. இணைப்பைச் சோதிக்கும் ஐஎஸ்க்யூஎல் கட்டளையால் இணைக்க முயன்றால், டிரைவர் நூலகத்தைத் திறக்க முடியவில்லை, கோப்பு இல்லை என்ற பிழைச்செய்தி வருகிறது. ஆனால் செய்தி குறிப்பிடும் அதே பாதையில் கோப்பு இருக்கிறது. படிக்கும் அனுமதியும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ஃப்ரீடிடிஎஸ் என்ற திறந்தமூல டிரைவருக்கு மாறிவிடலாமா?

ஈப்போ வாசகர்:

வணக்கம் ஐயா. டிரைவரை மாற்றுவதற்கு முன் இந்தப் பிழைச்செய்தி எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பலரை இது தவறான இடத்தில் தேட வைக்கிறது. லினக்ஸில் ஓடிபிசி டிரைவர்களை நிர்வகிக்கும் யூனிக்ஸ்ஓடிபிசி, டிரைவர் நூலகத்தை ஏற்ற முயலும்போது, அந்த நூலகம் சார்ந்திருக்கும் வேறொரு நூலகம் கிடைக்காவிட்டாலும், 'கோப்பு இல்லை' என்று டிரைவரின் பெயரையே குறிப்பிட்டுச் சொல்லிவிடும். காணாமற்போனது டிரைவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கோப்புக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை அந்த நூலகக் கோப்பின் மீது ஓட்டிப் பாருங்கள். எந்த வரியின் எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதோ அதுதான் இல்லாத நூலகம். ஒப்பந்தக்காரர் முறையாகத் தொகுப்பை நிறுவாமல் நூலகக் கோப்பை மட்டும் வேறொரு கணினியிலிருந்து நகலெடுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். 32 பிட், 64 பிட் வேறுபாட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஓடிபிசிஇன்ஸ்ட் கட்டளையை '-ஜே' என்ற தெரிவுடன் கொடுங்கள். டிரைவர் பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது, கணினி முழுவதற்குமான தரவு மூலங்கள் (இணைப்பு விவரத் தொகுப்புகள்) எந்தக் கோப்பில், உங்கள் பயனருக்கு மட்டுமானவை எந்தக் கோப்பில் என்பதை அது காட்டும். நாம் திருத்துவது ஒரு கோப்பு, யூனிக்ஸ்ஓடிபிசி படிப்பது வேறொரு கோப்பு என்றால் எவ்வளவு திருத்தியும் பயனில்லை. தரவு மூலத்தில் டிரைவருக்கு நீங்கள் எழுதிய பெயரும், டிரைவர் பட்டியலில் சதுர அடைப்புக்குள் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவை சரியானதும் வலையமைப்பு. எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி இணைப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். இயக்கிய பிறகும் போர்ட் எண் மாறிக்கொண்டிருக்கும் வகையில்தான் அமைப்பு இருக்கும். விண்டோஸ் கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, டிசிபி/ஐபி பண்புகளில் 'ஐபி ஆல்' பகுதியிலுள்ள மாறும் போர்ட்டுக்கான கட்டத்தைக் காலியாக்கி, நிலையான போர்ட்டுக்கான கட்டத்தில் 1433 என்று எழுதி, சேவையை நிறுத்தித் தொடங்குங்கள்; விண்டோஸ் ஃபயர்வாலில் அதே எண்ணைத் திறந்துவிடுங்கள். இன்ஸ்டன்ஸ் (அந்தக் கணினியில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் நிறுவல்) பெயரை வைத்து இணைப்பதானால் எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் சேவையும் யூடிபி 1434 போர்ட்டும் தேவைப்படும். நிலையான எண் வைத்துக்கொண்டால் அந்தச் சுற்றுவழி வேண்டாம். மைக்ரோசாஃப்ட் டிரைவரில் முகவரிக்குப் பின் காற்புள்ளி இட்டுப் போர்ட்டை எழுத வேண்டும், முக்காற்புள்ளி அன்று. ஃப்ரீடிடிஎஸ்ஸில் போர்ட்டுக்குத் தனி வரி உண்டு. ஃப்ரீடிடிஎஸ் நல்ல டிரைவர்தான், ஆனால் அதற்கு மாறினாலும் இந்த வலையமைப்பு வேலை அப்படியே காத்திருக்கும்.

செம்பனைக் கணக்கு:

மிக்க நன்றி ஐயா. எல்டிடி காட்டியதில் யூனிக்ஸ்ஓடிபிசியின் நூலகம் ஒன்று இல்லை என்று தெரிந்தது. நகலெடுத்து வைத்திருந்த கோப்பை நீக்கி, மைக்ரோசாஃப்டின் தொகுப்புக் களஞ்சியத்தைச் சேர்த்து, உபுண்டுவின் ஆப்ட் நிறுவி வழியாக டிரைவரை நிறுவியதும் அந்தப் பிழை மறைந்தது. போர்ட்டும் திறந்துவிட்டது. இப்போது எஸ்எஸ்எல் (இணைப்பைக் குறியாக்கும் முறை) தொடர்பான புதிய பிழை: சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, அது தானே கையொப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ் என்கிறது.

கிள்ளான் தரவுத்தளப் பணியாளர்:

இது 18ஆம் பதிப்பில் வந்த மாற்றம். 17 வரை குறியாக்கம் இயல்பாக அணைந்திருந்தது. 18இல் அது கட்டாயமாகி, சான்றிதழும் சரிபார்க்கப்படுகிறது. எஸ்க்யூஎல் சர்வருக்கு நாம் சான்றிதழ் எதுவும் தராவிட்டால் அது தனக்குத் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், அதை லினக்ஸ் நம்பாது. தரவு மூலத்தில் 'டிரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட்' என்ற அமைப்புக்கு 'யெஸ்' கொடுத்தால் உடனே இணையும். தரவு குறியாக்கப்பட்டே செல்லும், ஆனால் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே உங்கள் சர்வர்தானா என்ற சோதனை நடக்காது. அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் கம்பி இணைப்பில் தற்காலிகமாக இதை ஏற்கலாம். ஆலைக்கோ தலைமை அலுவலகத்துக்கோ வெளி இணைப்பு வழியாகப் போகும் நிலை வந்தால், சொந்தச் சான்றிதழ் ஆணையம் ஒன்றை அமைத்து, அதன் சான்றிதழை உபுண்டுவின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதுதான் முறை.

பிழைச்செய்தியில் 'அன்சப்போர்ட்டட் புரோட்டோகால்' என்று வந்தால் கதை வேறு. பழைய எஸ்க்யூஎல் சர்வர் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் பிந்தைய வடிவம்) 1.0 மட்டும் பேசுகிறது, உபுண்டு 22.04இலுள்ள குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 3 அதை ஏற்க மறுக்கிறது என்று பொருள். இணையத்தில் பலர் ஓபன்எஸ்எஸ்எல்லின் பாதுகாப்பு நிலையைக் கணினி முழுவதற்கும் குறைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஒரே ஒரு பழைய கணினிக்காகச் சர்வரின் எல்லா இணைப்புகளையும் பலவீனமாக்கும் வழி அது. 2008, 2012, 2014 பதிப்புகளுக்கு டிஎல்எஸ் 1.2 தரும் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. 2008 ஆர்2 பதிப்பின் ஆதரவு 2019 ஜூலையிலும், 2012 பதிப்பின் ஆதரவு 2022 ஜூலையிலும் முடிந்துவிட்டதால், பதிப்பை உயர்த்தும்படி நிர்வாகத்திடம் கேட்பதற்கும் உங்களிடம் காரணம் இருக்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

இணைப்பு கிடைத்த பிறகு வரும் இரண்டு இடைஞ்சல்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். பலகையில் தொழிலாளர் பெயரைத் தமிழில் ஒட்ட நினைத்தால், அந்தப் பெயர்ப் பத்தி யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் என்வார்கார் வகையில் இருப்பது நல்லது. பழைய வார்கார் வகையில், 2019 பதிப்பு முதல் உள்ள யூடிஎஃப்-8 அமைப்பைப் பயன்படுத்தாவிட்டால், தமிழுக்கு இடமே இல்லை. வார்கார் பயன்படுத்தும் குறிப்பக்கங்களில் (எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்களில்) தமிழுக்கென்று தனியாக ஒன்று கிடையாது. பெயர்கள் ஏற்கெனவே கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால் எந்த டிரைவராலும் அவற்றை மீட்க முடியாது, புதிதாகத்தான் உள்ளிட வேண்டும்.

மற்றொன்று, உங்கள் கையால் ஓட்டும்போது இணையும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் வழியாக மாலையில் ஓடும்போது இணையாமல் போவது. க்ரான் வேறொரு பயனரின் பெயரில் ஓடினால், உங்கள் வீட்டு அடைவில் எழுதிய தரவு மூலத்தை அது பார்ப்பதில்லை. கணினி முழுவதற்குமான கோப்பில் தரவு மூலத்தை எழுதி, க்ரான் பயனரின் பெயரிலேயே ஐஎஸ்க்யூஎல்லை ஓட்டிச் சோதியுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுத வேண்டாம். அந்தப் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக்கோப்பில் வையுங்கள்.

இந்த வேலைக்கென்று எஸ்க்யூஎல் சர்வரில் தனிப் பயனரை உருவாக்கி, தேவையான அட்டவணைகளைப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். எல்லா அதிகாரமும் கொண்ட எஸ்ஏ கணக்கை நிரலில் வைத்தால், ஒரு சிறு வழு எடைப் பதிவையே மாற்றிவிடக்கூடும். கூலியைத் தீர்மானிக்கும் கணக்கு அது. படிக்க வந்த நிரலால் அதில் ஓர் எண்கூட மாறக் கூடாது.