செங்கோட்டையில் நிதி திரட்ட ஒரு நடைப்பயணம்: யோசனை சொல்லுங்கள்

புளியரைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மா கடைசி ஐந்து மாதங்கள் கேரளாவில், புனலூரில் தங்கை வீட்டில் படுக்கையில் இருந்தார். நகராட்சியின் பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலியைத் தணித்துப் பராமரிப்பவர், வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவார். தன்னார்வலர்கள் இருவர் காற்று மெத்தையையும் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலையும் இரவலாகக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த மெத்தையின் சிறிய பம்ப் இரவெல்லாம் முனகிக்கொண்டே இருக்கும். ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை வற்றும். அதற்கு முன்பே அம்மாவின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்துவிட்டது. மெத்தை வந்த சில வாரங்களில் புண்ணின் ஓரத்தில் இளந்தோல் படர்ந்ததைப் பார்த்து நானும் தங்கையும் அழுதோம்.

மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீடு தேடி வருகிறார். அது பெரிய உதவி. ஆனால் கட்டிலும் மெத்தையும் அவரவர் பாடாக இருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் படுக்கையில் கிடக்கிறார்கள். நான்கு கட்டில், நான்கு மெத்தை வாங்கி ஊர்ப்பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகக் கார்த்திகையில் ஒரு ஞாயிறு, செங்கோட்டையிலிருந்து புளியரை வரை இருநூறு பேர் நடக்கலாம் என்று நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

கொல்லம் ரோடு டிரைவர்

அக்கா, கார்த்திகை வேண்டாம், அந்தச் சாலையும் வேண்டாம். கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் விடிய விடிய ஓடும். அதோடு கேரளாவுக்குச் சரக்கேற்றிய லாரிகள். அந்த 744 நெடுஞ்சாலையில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் நடக்க விடாதீர்கள். ஓட்டுகிறவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன். குண்டாறு அணைக்குப் போகும் சாலையில் நடங்கள். தை பாதிக்கு மேல் வைத்தால் நல்லது. மாசி பிறந்தால் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடுவார்கள்.

கடையநல்லூர் கணக்கர்

அம்மா, பணத்தைத் தனி ஆள் கணக்கில் வாங்காதீர்கள். 2018 கேரள வெள்ளத்துக்காக எங்கள் ஊரில் நடந்து நிதி திரட்டினோம். ஒருவரின் சொந்தக் கணக்கில் போட்டோம். அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆனாலும் பேச்சு எழுந்து, அந்த மனிதர் பொது வேலைக்கே வருவதை விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். வரிச்சலுகைக்கான அனுமதி அதற்கு இருந்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தருபவருக்கு அந்த வரிச்சலுகை கிடையாது, முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் கட்டாயம். நடக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே பத்து வீட்டில் கேட்டு வாங்கட்டும். நடக்கும் அன்று உண்டியல் குலுக்கிச் சேர்வது சொற்பம்தான். டி-ஷர்ட் அச்சடிக்காதீர்கள், அந்தக் காசுக்கு ஒரு மெத்தை வரும். காவல் நிலையத்தில் வழி, நேரம், ஆள் எண்ணிக்கை எழுதி முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

தென்காசி நர்ஸம்மா

ஓய்வு பெற்றவள் நான். மெத்தை போட்டாலும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது. இதை எழுதி ஒவ்வொரு மெத்தையோடும் கொடுங்கள். திரும்பி வரும் மெத்தையை யார் கழுவி, யார் வெயில் படாமல் காயவைப்பது என்பதை இப்போதே பேசி முடியுங்கள். நான்கு மெத்தைக்கு இரண்டு பம்ப் உபரியாக வாங்குங்கள், முதலில் பழுதாவது அதுதான். 1993இல் கோழிக்கோட்டில் இந்தப் பாலியேட்டிவ் வேலையைத் தொடங்கியவர்களுக்கும், வாரத்தில் சில மணி நேரம் தந்த சாதாரண ஆட்கள்தான் கைகொடுத்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. நடக்க வருகிறவர்களிடம் பணத்தோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கேளுங்கள், தாயி.

புளியரைக்காரி

உங்கள் எல்லாருக்கும் நன்றி. தை கடைசி ஞாயிறு, காலை ஆறு மணிக்கு வாஞ்சிநாதன் சிலையிலிருந்து குண்டாறு சாலை வழியாக நடக்கிறோம். டி-ஷர்ட் இல்லை என்றதும் பையன்களுக்கு முகம் வாடிவிட்டது. அம்மாவின் புண் எப்படி ஆறியது என்று சொன்னேன், பிறகு அவர்களே ரசீதுப் புத்தகம் எடுத்துப்போக முன்வந்தார்கள். மெத்தை கழுவும் பொறுப்பு எனக்கும் எதிர்வீட்டு மதினிக்கும். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் அந்தச் சிறிய பம்பைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் இங்கே சொல்லுங்கள்.