புதுப்பிப்பு: நிக்கோவில் முதலில் ஏரியா, ஆலயமா?

ஜப்பானின் நிக்கோ நகரிலுள்ள தோஷோகு ஆலயம், சூசென்ஜி ஏரி, கெகோன் அருவி மூன்றையும் இலையுதிர்காலத்தில் ஒரே நாளில் எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏரியும் அருவியும் இருக்கும் மலைக்கு முதலில் அதிகாலைப் பேருந்தில் ஏறிவிட்டு, ஆலயத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. வளைந்து வளைந்து செல்லும் இரோஹாசாகா சாலையில் அப்போது நெரிசலே இல்லை.

எதிர்பாராதது மூடுபனி. 97 மீட்டர் உயர அருவியின் இரைச்சல் காதை நிறைத்தபோதும், அருவியைப் பார்ப்பதற்கான மேல்தளத்தின் கம்பித் தடுப்பில் கோத்து நின்ற நீர்த்துளிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஏரிக்கரையின் ஃபுதாரசான் ஆலயத்தில் வணங்கித் திரும்புவதற்குள் பனி விலகி, அருவி முழுவதும் கண்முன் நின்றது. ஆகவே, கட்டணமில்லாத மேல்தளத்திலிருந்து பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே கீழ்த்தளத்துக்கான மின்தூக்கிச் சீட்டை வாங்குங்கள்.

தோஷோகு நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 4 மணிக்கே மூடப்படுகிறது. அரை மணி நேரம் முன்னதாகவே அனுமதி நின்றுவிடும்.