சூடை: எங்கள் தோணிக்காரக் கோப்ளின்

எங்கள் காம்பெய்னில், அதாவது நாங்கள் தொடராக விளையாடி வரும் கதையில், எனக்கு மிகவும் பிடித்தவன் நாங்கள் விளையாடிய வீரர்களில் ஒருவன் அல்ல. ஏழே ஏழு ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) உள்ள ஒரு கோப்ளின், ஒரு குட்டிப் பூதம். பெயர் சூடை. நாங்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் (பகடை) உருட்டிக் கதை வளர்க்கிற ஆட்டம். விளையாடியவர்களுக்குத் தெரியும், கோப்ளின் என்றால் முதலாம் லெவலில் வெட்டிப் பழகுவதற்கென்றே வருகிற எதிரி. ஒரு நல்ல வாள்வெட்டு விழுந்தால் கதை முடிந்தது. அப்படிப்பட்டவன் 2020 இல் வந்து இன்றைக்கும் உயிரோடு எங்கள் தோணியை விட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த வருசம் மார்ச்சில் ஊரடங்கு போட்டபோதுதான் தொடங்கினோம். கதையை நடத்தி, நாங்கள் விளையாடாத பாத்திரங்களுக்கெல்லாம் குரல் கொடுப்பவர் எங்கள் டிஎம் அண்ணா. இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளை அவர் இறக்கி எல்லாருக்கும் அனுப்பினார். டைஸ் ஒருவரிடமும் இல்லை. போனில் ஒரு ஆப்பில் உருட்டினோம், டிஸ்கோர்டில் கதைத்தோம். ஊரடங்கு எடுத்த பிறகு ஆட்டம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் அவர் வீட்டு விறாந்தைக்கு மாறியது.

அவர் செய்த உலகம் எங்கள் தீவுப்பகுதியைப் பார்த்துச் செய்தது. ஆழமில்லாத கடல், அதில் சிதறிக் கிடக்கும் தீவுகள். நெடுந்தீவில் இருப்பதுபோல முருகைக்கல் மதில்களும், கட்டாக்காலிக் குதிரைகளும், பென்னாம்பெரிய பெருக்குமரம் ஒன்றும் அதில் உண்டு. நிலாவரைக் கிணற்றை நினைத்து அடி தெரியாத கிணறு ஒன்றையும் வைத்திருந்தார். பாதாள நகரத்துக்கு இறங்கும் வழி அதற்குள்தான். குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் பழகின எங்களுக்கு அந்த உலகம் முதல் நாளே பிடிபட்டுவிட்டது.

சூடை அந்த உலகத்தின் திட்டத்திலேயே இல்லை. தொடக்கத்தில் ஒரு குகையில் கோப்ளின் கூட்டத்தோடு சண்டை. கடைசியில் ஒருவன் மிஞ்சினான். போர்வீரனாக விளையாடிய தம்பி வாளை ஓங்கிவிட்டான். பாணன் பாத்திரத்தை வைத்திருந்த அக்காதான், “கொஞ்சம் பொறும், அவன்ட பேரைக் கேப்பம்” என்றார். டிஎம் அண்ணா பெயர் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில் சூடைமீன் பொரியலாம். “சூடை” என்று சொல்லிவிட்டார். பேர் தெரிந்த பிறகு யாருக்கு வெட்ட மனம் வரும்?

“ஐயா, எனக்குத் தோணி விடத் தெரியும். கூலி வேணும். இப்ப காசில்லை எண்டாலும் பரவாயில்லை, கடனா எழுதி வைப்பன். கடன் தீருமட்டும் உங்களோட வருவன்.” இதுதான் அவன் போட்ட ஒப்பந்தம். எங்களுக்கும் கடலைக் கடக்க ஆள் வேண்டியிருந்தது. சரி என்றோம்.

நேரில் விளையாடத் தொடங்கிய பிறகுதான் அண்ணா அவனை எப்படிச் செய்கிறார் என்று பார்த்தேன். சூடை கதைக்கும்போது தோளிரண்டும் காதுக்குக் கிட்ட ஏறிவிடும். பெருவிரலால் மற்ற விரல்களின் ரேகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டேதான் பதில் வரும். கணக்கும் வெறும் நடிப்பு அல்ல. ஒரு சிஆர் கொப்பியில், தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பியில், உண்மையாகவே எழுதி வைத்தார். யார் எந்தத் தீவுக்கு எத்தனை வெள்ளி பாக்கி, யார் தோணிக்குள் சத்தி எடுத்ததற்கு எவ்வளவு தண்டம், எல்லாம் அதில் உண்டு. ஒருமுறை எங்கள் கூட்டத்துப் பூசாரி நீண்ட நாளாகக் கூலி தரவில்லை என்று அவரிடமிருந்த ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) ஒன்றை அடகாக வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அந்தப் பக்கத்தில் “பூசாரி, ஒரு குப்பி, சிவப்பு” என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

சண்டை என்று வந்தால் சூடை ஓடுவான். விதிப்படியே கோப்ளினுக்கு அந்தத் திறமை இருக்கிறது. தன்னுடைய முறை வரும்போது மற்ற வேலையையும் செய்து, மேலதிகமாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் விலகிப் போகலாம் அல்லது ஒளிக்கலாம். தோணிக்கு அடியில், வலைக்குள், பெருக்குமரப் பொந்துக்குள் என்று எங்கேயாவது போய்விடுவான். எல்லாம் முடிந்த பிறகு தலையை நீட்டி யார் யார் மிச்சம் என்று எண்ணுவான். எங்கள் பெடியளுக்கு அது பெரிய பகிடி.

2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்கள் நினைவிருக்கும். போனில் சார்ஜ் இல்லாததால் வேறு பொழுதுபோக்கும் இல்லை. எங்களுக்கோ தாளும் பென்சிலும் போதும். அதற்குள் கனடாவில் இருந்து வந்த ஒருவர் டைஸ் கொண்டுவந்து தந்திருந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில், உருட்டின டைஸுக்குப் பக்கத்தில் திரியைப் பிடித்து எண் பார்த்து விளையாடினோம். அண்ணாவின் அம்மம்மா பனையோலை விசிறியோடு பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருப்பார். அவருக்கு விதி ஒன்றும் தெரியாது, கதை மட்டும் தெரியும். அன்றைக்கும் சூடை வழக்கம்போல ஓடி ஒளித்தான். தம்பி, “இவன் என்ன, எப்ப பாத்தாலும் ஓடுறான், பயந்தாங்கொள்ளி” என்று சிரித்தான்.

அம்மம்மா விசிறியை நிறுத்தினார். “ஓடாமல் நிண்டு என்ன செய்யிறது? தொண்ணூற்றைஞ்சில நாங்களும் ஓடினாங்கள்தானே. ஓடினபடியால்தான் நீங்கள் இதில இருந்து விளையாடுறியள்.”

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்து, மழைக்குள், வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த கதையைக் கேட்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. அதை ஒரு கோப்ளினோடு சேர்த்து யோசிக்க எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. பிறகு அம்மம்மா, “அந்தப் பெடியனுக்குச் சாப்பிட என்ன குடுக்கிறியள்?” என்று கேட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து தம்பி தன் சாப்பாட்டுப் பொதியில் ஒரு பங்கு சூடைக்கு என்று பாத்திரத் தாளில் எழுதத் தொடங்கினான். ஒருவரும் அவனைச் சொல்லிச் செய்யவில்லை.

இடையில் ஒருவர், துணைப் பாத்திரங்களுக்கும் லெவல் ஏற்றும் விதிகள் வந்துவிட்டன, சூடையையும் ஏற்றுவோம் என்றார். நீண்ட நேரம் விவாதித்தோம். நான் வேண்டாம் என்ற பக்கம் நின்றேன். நாங்கள் பதினோராம் லெவலுக்கு வந்தாலும் அவனுக்கு ஏழு ஏழாகவே இருக்கட்டும். அவனுக்கு எழுபது இருந்தால் அந்தப் பயத்துக்கு என்ன அர்த்தம்? கடைசியில் எல்லோரும் அதற்கே வந்தார்கள்.

அதன் பலன் சிவப்பு டிராகன் வந்த இரவில் தெரிந்தது. முதிர்ந்த சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சுக்கு ஆறு முக டைஸ் 18 உருட்ட வேண்டும், சராசரியே 63 வரும். தப்பினாலும் பாதி விழும். சூடை மாதிரி ஒருவன் அதற்குள் அகப்பட்டால் டெத் சேவுக்குக்கூட, அதாவது சாவில் இருந்து தப்ப உருட்டிப் பார்க்கக்கூட, இடமில்லை. பூச்சியத்துக்கு வந்த பிறகும் மிஞ்சுகிற சேதம் அவனுடைய முழு ஹிட் பாயிண்ட் அளவு இருந்தால் அந்த இடத்திலேயே சாவு. டிராகன் முருகைக்கல் மதிலுக்குப் பின்னால் இருந்து எழும்பியபோது முதலில் ஆடும் முறை சூடைக்கு விழுந்தது. அண்ணா எங்களைப் பார்த்து, “சூடை என்ன செய்யப்போறான்?” என்றார்.

“ஓடச் சொல்லுங்கோ அண்ணா! ஓடடா சூடை!” என்று முதலில் கத்தியது தம்பிதான்.

சூடை கடலுக்குள் பாய்ந்தான். அடுத்தது நெருப்பு. ஏற்கெனவே அடிபட்டிருந்த நால்வரில் மூவர் விழுந்தோம், என் மந்திரவாதியும் அதில். தம்பியின் போர்வீரன் மட்டும் கரையில் டிராகனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். பூசாரி இரண்டு டெத் சேவ் தோற்றுவிட்டார். அடுத்த உருட்டலில் பத்துக்குக் கீழே வந்தால் அவர் இல்லை. அதற்கு முன் ஒரே ஒரு முறை இருந்தது, சூடையின் முறை.

அண்ணாவின் தோள்கள் மெல்ல மேலே ஏறின. “தோணிக்கு அடியில இருந்து ஒரு கை வருது. அந்தக் கையில ஒரு குப்பி. சிவப்பு.”

மேசையில் எழும்பின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போஷனை ஊற்றுவது பலிக்குமா என்று உருட்டிப் பார்க்கத் தேவையில்லை, ஒரு ஆக்‌ஷன் போதும். பூசாரி கண் திறந்தார். தன் முறையில் மாஸ் ஹீலிங் வேர்ட் என்ற காயம் ஆற்றும் மந்திரத்தைச் சொல்லி எங்களையும் எழுப்பினார். சூடையோ குப்பியை ஊற்றிய கையோடு, போனஸ் ஆக்‌ஷனில் திரும்பவும் தோணிக்கு அடியில். அவன் ஓடாமல் எங்களோடு நின்றிருந்தால் அந்த முறையில் ஊற்ற ஆளே இருந்திருக்காது.

சண்டை முடிந்து அவன் தலையை நீட்டி எங்களை எண்ணினான். நாலு. பிறகு சிஆர் கொப்பி வெளியே வந்தது. ஹீலிங் போஷனின் விலை 50 பொன். அடகுப் பொருள் செலவானபடியால் பழைய கூலி பாக்கியோடு அதையும் பூசாரியின் பேரில் எழுதினான்.

பூசாரியிடம் இப்போது டிராகன் புதையலில் வந்த பொன் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் அவர் கட்டவில்லை. நாங்களும் கட்டவில்லை. கடன் தீருமட்டும்தான் வருவேன் என்று அவன் முதல் நாளே சொல்லியிருக்கிறான். போன சனிக்கிழமை பாணன் அக்கா தோணிக்குள் வேண்டுமென்றே சத்தி எடுத்துத் தண்டம் எழுதுவித்தார்.