84 எச்பி கேஸில் நாய்ஸ் செட்டப்: எதை எடுப்பது, எதை வைப்பது?

கேள்வி:
நாய்ஸ் இசை வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே வரிசை யூரோராக் கேஸ் (மாடுலர் சிந்தசைசரின் தனித்தனி மாடுல்களை மாட்டும் பெட்டி), அகலம் 84 எச்பி. தனியாகத் தூக்கிக்கொண்டு போய் வாசிக்க வேண்டும், அதனால் பெரிய கேஸுக்கு மாறும் எண்ணம் இல்லை. உள்ளே இரண்டு ஆசிலேட்டர், வெள்ளை இரைச்சல் தரும் ஒரு சின்ன மாடுல், எட்டுப் படி சீக்வென்சர் (படிக்கு ஒன்றாக வோல்டேஜ் தருவது), ஃபில்டர், ரிவர்ப், மேத்ஸ் (ஏறி இறங்கும் வோல்டேஜ் தரும் மாடுல்), ஒரே ஒரு விசிஏ (வோல்டேஜால் ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது). இடம் நிரம்பிவிட்டது. ஆரம்பம் நன்றாக இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. சத்தம் குறையவில்லை, ஆனால் உள்ளே அசைவே இல்லை. டிஸ்டார்ஷன் மாடுல் ஒன்று சேர்க்கலாமா?

பதில் 1:
டிஸ்டார்ஷன் வேண்டாம், சுவர் இன்னும் தடிமனாகும், அவ்வளவுதான். முதலில் அந்த வெள்ளை இரைச்சல் மாடுலைக் கழற்றுங்கள். அதில் எல்லா அதிர்வெண்ணும் சம வலுவில் ஓயாமல் வருகிறது, காது சீக்கிரமே அதைக் கேட்பதை நிறுத்திவிடும். உங்களுக்குக் குறைவது சத்தம் தரும் மாடுல் இல்லை, அதை அடக்கவும் திறந்துவிடவும் வழி. ஃபில்டரிலிருந்து வருவதை ஒரு விசிஏ வழியாக முதல் ஆசிலேட்டரின் எஃப்எம் நுழைவுக்கே (அதன் சுருதியை ஆட்டும் இடம்) திருப்பி அனுப்பிப் பாருங்கள், இதுதான் ஃபீட்பேக். விசிஏவைக் கொஞ்சமாகத் திறந்தால் சுருதி லேசாகக் கலங்கும், முழுக்கத் திறந்தால் வெறும் இரைச்சல், நடுவில் எங்கோ ஒரு குறுகிய இடத்தில் ஒலி தானாகவே முடிவெடுப்பது போல நடந்துகொள்ளும். அந்த இடத்தில்தான் நாம் வாசிக்கிறோம். அதனால் இன்னும் இரண்டு மூன்று விசிஏ, அப்புறம் ஒரு மேட்ரிக்ஸ் மிக்ஸர். டோப்ஃபர் ஏ-138எம் நான்கு நுழைவு, நான்கு வெளியேற்றம், எதை எதற்குள் எவ்வளவு விடுவது என்பதற்குப் பதினாறு குமிழ். அதற்கு இடம் வேண்டுமானால் சீக்வென்சரையும் ரிவர்பையும் எடுத்துவிடலாம்.

பதில் 2:
விசிஏ விஷயத்தில் முழு உடன்பாடு. சீக்வென்சரை மட்டும் எடுக்காதீர்கள்! ஆசிலேட்டரின் சதுர அலையைச் சீக்வென்சரின் கிளாக் நுழைவில் (படியை நகர்த்தும் துடிப்பு போகும் இடம்) கொடுங்கள். 800 ஹெர்ட்ஸ் கொடுத்தால் எட்டுப் படியும் கொண்ட சுற்று நொடிக்கு 100 முறை (100 ஹெர்ட்ஸ்) ஓடும், அதாவது சீக்வென்சரே ஒரு ஆசிலேட்டர் ஆகிவிடும், ஒவ்வொரு குமிழும் அலை வடிவத்தில் ஒரு புள்ளி. அந்த வெளியீட்டைக் கிளாக் தரும் ஆசிலேட்டரின் சுருதிக்கே திருப்பினால் ஒவ்வொரு படியும் வேறு வேறு நேரம் எடுக்கும், கேட்டால் விட மனம் வராது. ராப் ஹோர்டைக் வடிவமைத்த பென்ஜோலின் என்ற சிந்தசைசரில் இதற்கு நெருக்கமான யோசனைதான் இருக்கிறது. இரண்டு ஆசிலேட்டர் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரை (வந்த துடிப்புகளை வரிசையாக நகர்த்தி வைக்கும் சர்க்கிட்) ஓட்டும், அதிலிருந்து படிப்படியாக வரும் வோல்டேஜ் திரும்பி வந்து அந்த இரண்டு ஆசிலேட்டரையும் கலைக்கும். ஒரே மாடுல் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

பதில் 3:
வாங்குவதற்கு முன் மாடுல்கள் +12, -12 வோல்ட் இரண்டிலும் எடுக்கும் கரண்டைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், எத்தனை மில்லிஆம்ப் போகிறது என்று. சின்ன கேஸில் இடத்துக்கு முன்னால் கரண்ட் தீர்ந்துவிடுவது உண்டு. இன்னொன்று, ஃபீட்பேக் எந்த நொடி எகிறும் என்று தெரியாது. யூரோராக்கில் ஆடியோ பெரும்பாலும் 10 வோல்ட் பீக்-டு-பீக், மிக்ஸர் எதிர்பார்க்கும் லைன் லெவலைவிட ரொம்ப அதிகம். கடைசியில் அளவைக் குறைக்கும் அவுட்புட் மாடுலும் அதன் பின்னால் ஒரு லிமிட்டரும் (ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுப்பது) இருக்கட்டும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஃபீட்பேக் பேட்ச் (கேபிள் இணைப்பு) போடவே போடாதீர்கள். 100 டெசிபலில் 15 நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பான எல்லை.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எதையும் வாங்காமல், இருப்பதை வைத்தே சீக்வென்சர் பேட்சைப் போட்டேன். மேத்ஸின் ஒரு சேனலை மெதுவாகச் சுழலவிட்டு விசிஏவைத் திறந்து மூடினேன். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை, இரைச்சல் மாடுலைத் தொடவே இல்லை. அது இன்று கேஸிலிருந்து வெளியே வந்துவிட்டது. அந்த இடத்துக்குச் சின்னதாக ஒரு இரட்டை விசிஏ தேடுகிறேன். மேட்ரிக்ஸ் மிக்ஸருக்காக ரிவர்பை எடுக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை, ஃபில்டருக்கும் விசிஏவுக்கும் நடுவில், அந்த ஃபீட்பேக் சுற்றுக்குள்ளேயே ரிவர்பை வைத்தால் என்ன ஆகிறது என்று முதலில் பார்க்கிறேன்.