தொகுதிகளைத் தவறான திசையில் பிரித்துவிட்டேன், கணக்கில் சரிசெய்ய முடியுமா?

மன்னார்குடிப் பக்கம் குறுவையில் ஏ.டி.டி. 43 நெல்லில் தழைச்சத்துச் சோதனை வைத்தேன். ஹெக்டேருக்கு 0, 50, 100, 150, 200 கிலோ என்று ஐந்து அளவுகள், நான்கு தொகுதிகள் (ஒரே மாதிரி மண் உள்ள பாத்திகள் ஒன்றாக வரும்படி பிரிக்க வேண்டிய குழுக்கள்), ஆக 20 பாத்திகள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் குலுக்கல் முறையில்தான் அளவுகளை ஒதுக்கினேன். அறுவடை முடிந்து அனோவா (சராசரிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போட்டால் உர அளவுகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்கிறது. மாறுபாட்டுக் கெழு, அதாவது சராசரியோடு ஒப்பிட்ட பிழைச் சிதறல், 24 சதவீதம்.

காரணம் எனக்கே தெரிகிறது. தொகுதிகளை வாய்க்காலுக்கு இணையாகப் பிரித்திருக்க வேண்டும். நானோ நீர் ஓடும் திசையிலேயே நீளமாகப் பிரித்துவிட்டேன். அதனால் ஒரே தொகுதிக்குள் தலைமடைப் பாத்தியும் கடைமடைப் பாத்தியும் இருக்கின்றன. மண்ணின் ஏற்றத்தாழ்வு முழுவதும் கணக்கின் பிழையில், அதாவது காரணம் சொல்லப்படாத மாறுபாட்டில், போய்ச் சேர்ந்துவிட்டது. உரமே போடாத ஒரு பாத்தி மடையோரம் கரும்பச்சையாக நின்றதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எடை, ஈரப்பதம் எல்லாவற்றையும் நோட்டுடன் மீண்டும் ஒப்பிட்டேன், பிழையில்லை. விளைச்சல் எண்களை மடக்கையாக்கும் லாக் மாற்றமும் செய்து பார்த்தேன், பயனில்லை. ஒத்துவராத இரண்டு பாத்திகளை நீக்கிவிடலாம் என்றார் நண்பர்; அது மோசடி என்று பட்டதால் செய்யவில்லை. உரம் போடுவதற்கு முன் மண் பரிசோதனையும் எடுக்கவில்லை. கையில் இருப்பது வயல் வரைபடமும், மடையிலிருந்து ஒவ்வொரு பாத்திக்கும் உள்ள தூரமும்தான்.

அந்தத் தூரத்தைத் துணை மாறியாகச் சேர்த்து அன்கோவா (துணை மாறியின் விளைவைக் கழித்துவிட்டு ஒப்பிடும் அனோவா) செய்தால், பிழையின் டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் (பிழையை மதிப்பிடக் கிடைக்கும் சார்பற்ற தகவல்களின் எண்ணிக்கை) 12-லிருந்து 11 ஆகும், அவ்வளவுதான். ஆனால் முடிவைப் பார்த்த பிறகு இப்படிச் சேர்ப்பது ஏற்கத்தக்கதா, அல்லது அடுத்த குறுவையில் சோதனையை மறுபடி வைத்துத்தான் ஆக வேண்டுமா?